மின்காரின் சின்ன பேட்டரி: மலைக்கு எது தாங்கும்?

எலக்ட்ரிக் கார் ஒவ்வொன்றிலும் இரண்டு பேட்டரிகள் உண்டு. இருக்கைகளுக்கு அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும் பெரிய பேட்டரிதான் விளம்பரத்தில் வருவது, சக்கரத்தைச் சுற்றுவது. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த முதல் நெக்ஸான் இ.வி.யில் அதன் கொள்ளளவு 30.2 கிலோவாட் மணி. வீட்டு மீட்டர் கணக்கில் 30 யூனிட். மற்றொன்று, பெரும்பாலான கார்களில் பானெட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி. அது 40 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், அதில் அடங்குவது அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த அரை யூனிட் தீர்ந்துவிட்டால் அந்த 30 யூனிட்டும் முடங்கிவிடும். கதவுப் பூட்டு கேட்காது, திரை எரியாது, சார்ஜிங் கன்னைச் செருகினாலும் சார்ஜ் ஏறாது.

காரணம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. காரை நிறுத்தியதும் பெரிய பேட்டரியின் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் பேட்டரிப் பெட்டியைத் தாண்டி வெளியே வராதபடி, கான்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சுகள் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. அவற்றை மறுபடி மூட ஒரு சுருளுக்கு மின்சாரம் வேண்டும்; மூடலாமா என்று சோதித்துச் சொல்லும் கணினிகளுக்கும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது 12 வோல்ட் பேட்டரி. கான்டாக்டர் மூடிய பிறகு நிலைமை மாறும். டி.சி.–டி.சி. கன்வர்ட்டர் என்ற பெட்டி உயர் அழுத்த மின்சாரத்தைச் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இறக்கி, விளக்கு, வைப்பர், ஹாரன், ஸ்டியரிங் மோட்டார் எல்லாவற்றையும் ஓட்டுவதோடு சின்ன பேட்டரியையும் நிரப்பும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலை அது.

சின்ன பேட்டரியை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் பெரியதிலிருந்தே எடுத்தால் என்ன? விபத்து நடந்தால் உயர் அழுத்த இணைப்பு அந்தக் கணமே அறுந்தாக வேண்டும். அதன் பிறகும் அபாய விளக்கு மின்ன வேண்டும், கதவு திறக்க வேண்டும். அதனால் தனியான ஒரு மின்கையிருப்பு இல்லாமல் தீராது. அந்தக் கையிருப்பு இன்றும் பெரும்பாலான கார்களில் ஈய-அமில பேட்டரிதான். பிரான்சில் காஸ்டன் பிளாந்தே 1859-ல் உருவாக்கிய சரக்கு, ஆப் வழியாகப் பூட்டித் திறக்கும் காருக்குள்ளும் அசையாமல் இருக்கிறது.

பெட்ரோல், டீசல் வண்டியில் பேட்டரி சாகப்போகிறது என்றால் முன்கூட்டியே தெரியும். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும்; ஓட்டுநர் அதைக் கேட்டுக் கடைக்குப் போவார். மின்காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. கணினிகளை எழுப்பவும் கான்டாக்டரை மூடவும் சில பத்து ஆம்பியரே போதும் என்பதால், பாதி செத்த பேட்டரியும் நேற்று மாலை வரை நல்ல பிள்ளையாக நடித்திருக்கும். அடுத்த நாள் பொழுது விடிந்ததும் டக்டக் என்று ரிலே சத்தம், திரையில் சம்பந்தமில்லாமல் பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எச்சரிக்கைகள், பிறகு இருட்டு. எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்து பெரிய கோளாறு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல சமயம் குற்றவாளி அந்தச் சின்ன பெட்டி ஒன்றுதான்.

சமவெளியில் இது ஒரு மணி நேரத் தொல்லை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் ஒரு நாளை விழுங்கிவிடும். மின்காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எலக்ட்ரானிக் கியரும் எலக்ட்ரானிக் கைப்பிரேக்கும் உள்ள காரில் 12 வோல்ட் செத்தால் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவருவதே பாடு. கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் சுற்றும் என்பதால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்ட காருக்கு அந்த லாரி கீழேயிருந்து ஏறி வர வேண்டியிருக்கும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துவிட்ட பிறகும் சீசன் வார இறுதிகளில் அந்தச் சாலை எப்படி நிரம்பும் என்பது தெரிந்ததே.

மலையேறும் மின்கார்க்காரர்கள் போடுகிற கணக்கெல்லாம் பெரிய பேட்டரியைப் பற்றித்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். 1.6 டன் எடையுள்ள காரை அவ்வளவு தூக்க, உயரத்துக்கு மட்டுமே 8 யூனிட் ஆகும். இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும். இதை வாய்ப்பாடாகச் சொல்பவர்களிடம் 12 வோல்ட் பேட்டரி எந்த வருஷத்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

கீழே பட்ட அடி, மேலே தெரியும்

ஈய-அமில பேட்டரியைக் கொல்வது வெயில். குளிர், அது செத்துக்கொண்டிருந்ததைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் நின்று பழகிய பேட்டரியின் தகடுகள் மூன்றாவது கோடைக்குள் கணிசமாகத் தேய்ந்திருக்கும். 40 ஆம்பியர் மணி என்று லேபிளில் இருந்தாலும் உள்ளே 25-தான் இருக்கும். தினமும் ஓடி நிரம்பிக்கொண்டிருப்பதால் அது வெளியே தெரியாது.

கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது வழக்கம். சில ஆண்டுகளில் ஏரியோரப் புல்லில் உறைபனி படியும். குளிரக் குளிர பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். 25 டிகிரியில் முழுசாகக் கிடைக்கும் கொள்ளளவு 10 டிகிரியில் ஏறக்குறைய 90 சதவீதம், 0 டிகிரியில் 80 சதவீதம் அளவுக்குத்தான் கிடைக்கும். அமிலமே உறைந்துபோகுமோ என்ற பயம் மட்டும் இங்கே வேண்டாம். சுத்தமாகக் காலியான பேட்டரியும் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போனால்தான் உறையும். கொடைக்கானல் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை.

இனி ஒரு மூன்று நாள் விடுமுறையைக் கணக்கெடுக்கலாம். வெள்ளிக்கிழமை காலை காரை விடுதியில் நிறுத்திவிட்டு, ஊர் சுற்றிப் பார்க்க உள்ளூர் ஜீப்பில் போகிறார்கள். நிறுத்திய காரில் பூட்டு, அலாரம், இணையத் தொடர்பு எல்லாம் சேர்ந்து சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகும், அது பெரிதில்லை. ஆனால் நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல். இரண்டும் சேர்ந்து மூன்று நாளில் 25. புது பேட்டரி இதைக் கஷ்டப்பட்டுத் தாங்கும். மதுரை வெயிலில் வெந்த பேட்டரி திங்கள் காலை கை விரித்துவிடும். ஆப்பைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று அடிக்கடி பார்ப்பதும் ஒரு செலவுதான். ஒவ்வொரு தடவையும் தூங்கும் கணினிகள் சில எழுந்து, மறுபடி தூங்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்.

இந்த நிலைமையை முன்பே யோசித்துச் செய்யப்பட்ட கார்களும் இருக்கின்றன. ஹூண்டாய், கியா மாடல்கள் சிலவற்றில், நிறுத்தியிருக்கும்போது சின்ன பேட்டரி இறங்கினால் பெரியதிலிருந்து தானாகவே கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும் வசதி உண்டு. எந்த காரில் இருக்கிறது, எதில் இல்லை என்பது கையேட்டில் இருக்கும். பேட்டரி வாங்கப் போகும் முன் பார்க்க வேண்டிய முதல் பக்கம் அதுதான். அந்த வசதி இல்லாத காருக்கு ஆம்பியர் மணியில் கஞ்சத்தனம் கூடாது.

பேட்டரி நல்லது, நிரப்பும் பெட்டி கெட்டது என்ற நிலைமையும் உண்டு. 2024-ல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் விற்ற 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. சார்ஜிங்கைக் கவனிக்கும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு ஏற்பட்டால் 12 வோல்ட் பேட்டரி நிரம்பாமல் இறங்கிவிடும் என்பதே காரணம். ஆகவே ஒரு பேட்டரி வருஷம் திரும்பும் முன்பே இரண்டாம் முறை செத்தால் மூன்றாவதை வாங்குவதில் அர்த்தமில்லை. கார் ஆன் ஆகியிருக்கும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 13.5-க்கு மேல் காட்டினால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் போக வேண்டிய இடம் நிறுவனத்தின் பணிமனை. 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டிய நேரத்திலும் 13-ஐத் தாண்டாத சில கார்கள் உண்டு, பேட்டரி நிரம்பிவிட்டதால் அழுத்தத்தைத் தாங்களே குறைத்துக்கொள்பவை. அதனால் காலையில் ஆன் செய்த உடனேயே பார்ப்பது நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

பேட்டரி கடைக்காரர் முதலில் சொல்வது சி.சி.ஏ. எண். குளிரில் ஸ்டார்ட்டரைச் சுற்ற எத்தனை ஆம்பியர் தள்ளும் என்ற அளவு அது. மலையில் ஓடுபவை பெரும்பாலும் டீசல் ஜீப்பும் வேனும் பிக்கப்பும். குளிர்ந்த டீசல் எஞ்சினைக் காலையில் உதைத்து எழுப்ப அந்த எண்தான் முக்கியம் என்பதால் கடைப் பேச்சு அதிலிருந்து தொடங்குவது இயல்பு. மின்காருக்கு அது கிட்டத்தட்ட தேவையே இல்லாத எண். இங்கே பார்க்க வேண்டியது ஆம்பியர் மணியையும், பாதி காலியாகி மறுபடி நிரம்புவதை அந்த பேட்டரி எத்தனை தடவை பொறுத்துக்கொள்ளும் என்பதையும்தான்.

ஆம்பியர் மணி கூடுதலாக இருக்கட்டும் என்று ஜீப்புக்குப் போடும் அளவை வாங்கினால் தட்டில் உட்காராது. அளவைச் சொல்வது லேபிளில் இருக்கும் குறியீடு. 38பி20எல் என்றால் ஜப்பானிய முறை. 38 என்பது திறன் வரிசை. பி என்பது அகலமும் உயரமும். 20 என்பது சென்டிமீட்டரில் ஏறக்குறைய நீளம். எல் அல்லது ஆர் பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. பி வகையில் கடைசியில் எஸ் என்று இருந்தால் டெர்மினல் தடிமன்; இல்லாவிட்டால் மெலிது. டின் 44 என்றால் ஜெர்மன் முறை, 44 ஆம்பியர் மணி. ஜப்பானிய பேட்டரியை மேலே ஒரு கம்பி வைத்து இறுக்குவார்கள். டின் பேட்டரி அடியிலிருக்கும் விளிம்பில் கிளாம்ப் பிடிக்கும். ஒன்றுக்கு வெட்டிய தட்டில் மற்றொன்றை வைத்து, கயிறோ ரப்பரோ கட்டி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகும் மலைச்சாலையில் அது ஒரு மாதம் தாங்காது. குலுக்கலில் தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் சேரும். ஒரு நாள் உள்ளேயே ஷார்ட் ஆகும். எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து எட்ட வைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் பாசிட்டிவ் கேபிள் போகக் கூடாத வழியில் உலோகத்தை உரசிக்கொண்டு போகும்.

வகை என்ன என்பதுதான் அதிகம் குழப்புவது. கடையில் சாதாரணமாக மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று விற்பது, திரவ அமிலம் உள்ளே ததும்பும், தகட்டில் கால்சியம் கலந்த பேட்டரி. விலை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை முழுசாகக் காலியானாலும் பழைய நிலைக்கு வருவது இதற்குக் கடினம். விடுதி வாசலில் செத்து, ஜம்ப் ஸ்டார்ட் வைத்து எழுப்பிய இப்படிப்பட்ட பேட்டரியை மறுபடி நம்பக் கூடாது. அடுத்தது இ.எஃப்.பி.; அதே திரவ அமிலம், தகடுகளுக்குப் பிடிமானம் கூடுதல், இறங்கி ஏறுவதை இன்னும் பொறுத்துக்கொள்ளும். ஏ.ஜி.எம். என்பது அமிலத்தைக் கண்ணாடி நாரால் ஆன மெத்தையில் உறிஞ்சி வைத்து மூடிய பேட்டரி. குலுக்கலையும் சாய்வையும் ஆழமாகக் காலியாவதையும் மூன்றையும் நன்றாகத் தாங்குவது இதுதான். விலையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல்.

எதோடு கார் வந்ததோ அதே வகையைப் போடுவது பாதுகாப்பான வழி. ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி வைப்பது தவறு. ஏ.ஜி.எம்.முக்கென்று அமைத்த அழுத்தத்தில் சாதாரண பேட்டரியின் தண்ணீர் சீக்கிரம் வற்றும். தவிரவும் பேட்டரி கேபினுக்குள்ளோ டிக்கியிலோ இருந்தால், ஹைட்ரஜன் வெளியேற வென்ட் குழாய் இல்லாமல் திரவ பேட்டரி வைக்கவே கூடாது. சாதாரண பேட்டரி இருந்த இடத்தில் அதே அளவு இ.எஃப்.பி. வைக்கலாம், அதில் தப்பு வர வழியில்லை. ஏ.ஜி.எம். வைக்க நினைத்தால் கன்வர்ட்டர் 14.2 வோல்ட்டையாவது தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், எப்போதும் 13.6-லேயே நிற்கிற காரில் ஏ.ஜி.எம். முழுசாக நிரம்பாமல் கிடந்து கொடுத்த காசுக்கு உழைக்காது. வெப்பம் ஏ.ஜி.எம்.முக்கு ஆகாது என்று சொல்லப்படுவது பெட்ரோல் காரின் கொதிக்கும் பானெட்டுக்குப் பொருந்தும். மின்காரில் எஞ்சின் சூடு கிடையாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 வோல்ட் பேட்டரிக்கு இப்போது ஒரு மவுசு. ஈயம் 11, 12 கிலோ இருக்கும் இடத்தில் இது பாதி எடைகூட வராது. ஆழமாகக் காலியாகி நிரம்புவதை ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். பி.ஒய்.டி. தன் கார்களில் நிறுவனத்திலேயே இந்த வகை வைத்து அனுப்புகிறது. டெஸ்லா 2021 முதல் படிப்படியாக லித்தியத்துக்கு மாறி, அழுத்தத்தையும் 15 வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோய்விட்டது. இந்தக் கார்களில் கணினியோடு பேசிக்கொள்ளும் பேட்டரி இருப்பதால் நிறுவனப் பொருளைத்தான் வாங்க வேண்டும், ஈய பேட்டரியை அங்கே வைக்க முடியாது.

ஈய பேட்டரியோடு வந்த காரில் லித்தியம் மாற்றுவது வேறு விஷயம். ஓய்வில் ஈயம் 12.7 வோல்ட் காட்டும்; லித்தியம் 13.2, 13.3 காட்டும், கடைசி வரை அதிலேயே நின்று திடீரென விழும். அழுத்தத்தை வைத்தே பேட்டரி நிலைமையைக் கணிக்கும் கார் இதனால் ஏமாறும். நிரப்ப வேண்டிய நேரத்தில் நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை நிரப்பக் கூடாது என்பதால் உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை நிறுத்திவிடும். கொடைக்கானலில் அந்தக் குளிர் பானெட்டுக்குள் வருவது அபூர்வம்தான். அதைவிடக் கவலைக்குரியது, அதே மின்சுற்று எந்தக் காரணத்துக்காகவாவது ஓட்டத்தின் நடுவில் பேட்டரியை மொத்தமாகத் துண்டிப்பது. மலை இறக்கத்தில் கன்வர்ட்டர் பழுதானால், ஸ்டியரிங் மோட்டாருக்கும் பிரேக் பூஸ்டருக்கும் வண்டியை ஓரங்கட்டும் வரை கைகொடுக்க இருப்பது சின்ன பேட்டரி மட்டுமே. ஈயம் அப்போது மெல்ல மெல்லத் தளரும். லித்தியம் ஒரே கணத்தில் கைவிடக்கூடும். கார் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை இந்த மாற்றத்தை மலைச்சாலையில் ஓடும் காருக்குச் செய்யாமலிருப்பதே புத்தி. வாரண்டி போகும் என்பது அதற்குப் பிறகு வரும் கவலை.

பிராண்டு பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது. அமரான் வருவது திருப்பதி பக்கத்திலிருந்து. எந்தப் பெயராக இருந்தாலும் தயாராகி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். மின்கார் அளவுகள் மலைக்கடையில் வேகமாக விற்பவை அல்ல. அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்த பேட்டரி தானாக இறங்கி, தகட்டில் சல்பேட் படிந்திருக்கும். குளிரூரில் அந்த இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும் என்பது கொடைக்கானல் கடைக்கு ஒரு சாதகம். வாங்கும் முன் மல்டிமீட்டர் 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வாரண்டி அட்டையில் 24+24 என்று இருந்தால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று; பிந்தைய 24-ல் தள்ளுபடி மட்டுமே. ஈய பேட்டரிக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பில் போடாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் காரணம் இன்னும் குறைந்துவிட்டது.

கீழூர்க்காரர் மூன்று வருஷம் முடிந்த பேட்டரியை மே மாதத்துக்கு முன் கீழேயே மாற்றிவிட்டு ஏறுவது நல்லது. மலைவாசியின் பேட்டரிக்கு வெயில் தொல்லை இல்லை. ஆனால் கொடைக்கானலுக்குள்ளேயே அப்சர்வேட்டரியிலிருந்து ஏழு ரோட்டுக்கும் திரும்பவும் என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டுமே ஓடும் காரில் அது எப்போதும் அரைகுறையாகவே நிரம்பியிருக்கும். காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், கார் வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு. அப்படி நின்றால் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை காரை ஆன் செய்து அரை மணி நேரம் விட்டால் போதும்; பெரிய பேட்டரியில் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மாற்றும் வேலை

பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தால் மாற்றும் வேலை சிறியது, ஆனால் ஒழுங்கு முக்கியம். சார்ஜிங் கன் செருகியிருக்கக் கூடாது. காரை ஆஃப் செய்து, சாவியைத் தொலைவில் வைத்து, கணினிகள் தூங்கும் வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது. அவை பெரிய பேட்டரியின் நரம்புகள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். டிக்கியை மின்பூட்டு மூடும் காராக இருந்தால், வேலை முடியும் வரை அதைத் திறந்தே வைத்திருப்பது உத்தமம்.

மாட்டி ஆன் செய்ததும் ஸ்டியரிங், பிரேக் எச்சரிக்கைகள் சில எரியலாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள கார்களைப் புது பேட்டரியைப் பழகிக்கொள்ளச் சில மணி நேரம் பூட்டி நிறுத்த வேண்டும். சில கார்களில் பணிமனைக் கருவியால் பதிவு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கான முறையிலேயே நிரப்பிக்கொண்டிருக்கும். வழியில் செத்துப்போனால், கையடக்க பூஸ்டரோ இன்னொரு காரோ கொண்டு மின்காரை எழுப்பலாம். மின்காரிலிருந்து கேபிள் போட்டு டீசல் ஜீப்பை எழுப்புவதைப் பெரும்பாலான கையேடுகள் தடை செய்கின்றன. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குச் செய்யப்பட்டதல்ல அந்தக் கன்வர்ட்டர்.

பழைய பேட்டரியைப் பேட்டரி கடையிலேயே கொடுத்துவிட வேண்டும், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. உள்ளே பாதிக்கு மேல் ஈயம், மீதியில் பெரும்பகுதி கந்தக அமிலம். பழைய இரும்புக் கடையில் நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம். அங்கே உடைக்கப்பட்டால் அமிலம் ஓடையில் இறங்கும். கொடைக்கானலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு: அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடை ஒன்றில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை அதையொட்டி மூடப்பட்டது, மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வழக்கும் வாதமும் இருபது ஆண்டுகளைத் தாண்டி நீண்டன. பேட்டரி கடையில் கொடுக்கும்போது பில்லில் பழைய பேட்டரி பெற்றதாகத் தனி வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.